தெள்ளுப்பூவுக்கு ஒரு பச்சை நூல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. மழைக்காலம் முழுக்க வேறொரு கதையைக் கிண்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நோர்மா கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கக்காவப் பத்தி ஊர்ல ஆளுக்கொரு கத சொல்றாங்க. வீட்டுக்குள்ளயே ஒரு எழுத்துக்காரன வச்சிக்கிட்டு நான் வாய மூடிட்டு இருக்கணுமா?" என்று கேட்டாள். கதை பிறந்தது அங்கேதான். பெருமைப்பட ஒன்றுமில்லை.

(அவள் கேட்டது ஸ்பானிஷில். இத்தனை வருஷத்தில் அந்த மொழி என் காதுக்குள் நுழையும்போதே தமிழாகிவிடுகிறது. ஆகவே இந்த எக்வடோர் மலைக்காரர்கள் நம் பக்கத்து ஆட்களைப் போலப் பேசினால் பழி என்னுடையது. மீன் பண்ணைக்கு மோட்டார் பூட்ட வந்து, ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இங்கேயே நின்றுபோனவன் நான். எனக்கு வேறு மாதிரி கேட்காது.)

நோர்மாவின் அக்கா பெயர் சொய்லா. புருஷனை இழந்தவள், இரண்டு மாடும் ஒரு சரிவு நிலமும் உள்ளவள். அவளுக்கு ஒரே மகன், எலியாஸ். இந்தக் கதை அவர்கள் இருவரையும் பற்றியது. நடுவில் ஒரு பூ வருகிறது.

அந்தப் பூவைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ஆர்க்கிட்களைப் பிடிக்காது. கடைகளில் மெழுகில் செய்ததுபோல நிற்குமே, அதைப் பார்த்தாலே எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். நல்லவேளை, இது அந்த ஜாதி இல்லை. மரத்தில் படர்ந்த பாசிக்குள் வேர் விட்டு வாழும். இலை விரல் நகம் அளவு, அடிப்பக்கம் ஊதா. பூவோ துவரம்பருப்பைவிடச் சிறியது, இலையின் மேலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கும். விஞ்ஞானம் இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஊரில் 'சுவரொட்டிப் பூ' என்கிறார்கள், காரணம் பிறகு வரும். தெள்ளுப்பூச்சி அளவுதானே என்று நான் தெள்ளுப்பூ என்று வைத்துக்கொண்டேன்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்களை மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "மேகங்கள் இறங்கி வந்து மரங்களின் தோளில் கைபோட்டு நிற்கும் அந்த மலைச்சரிவில், காலம்" — போதும். சுற்றுலாத் துறையில் ஆள் எடுக்கும்போது இதை அனுப்பிக்கொள்ளலாம்.

தொடக்கம் இரண்டு: "அந்த ஆண் கொசு அவளைத் தன் காதலி என்றே நினைத்தது." இதைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். விஷயம் உண்மைதான். தெள்ளுப்பூவின் உதடு ஒரு குட்டிப் பெண்கொசுவின் வடிவத்தில் இருக்குமாம். ஆண் வந்து ஏமாந்து, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும், அடுத்த பூவிலும் போய் ஏமாறும். அதற்குத் தேன் கிடையாது, கூலி கிடையாது. ஒரே ஒரு பொய்யில் பரம்பரை பரம்பரையாகப் பிழைத்து வந்த செடி. இதை எழுதியபோது என் மேலேயே எனக்கு மதிப்பு வந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. கொசுவில் தொடங்குகிறவன் சொய்லாவிடம் வந்து சேர்வதற்குள் வாசகர் தூங்கிவிடுவார்.

தொடக்கம் மூன்று: "சொய்லா சாக்கை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் ஏறினாள்."

இது நிற்கட்டும்.

3

சொய்லா சாக்கை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் ஏறினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் செபம், நவநாள், தொடங்கப் போகிறது. கோவிலில் பாலன் இயேசுவுக்கு வைக்கும் குடிலுக்குப் பாசி வேண்டும். அந்த வருஷம் குடில் அவள் முறை. பாசி எடுக்கக் கூடாது என்று வனத்துறையில் சட்டம் இருக்கிறது. சாலையோர மரங்களில் அதனால் யாரும் கை வைப்பதில்லை. ஆனால் பாசி இல்லாத குடிலை இந்த மலையில் நான் ஒரு வருஷம்கூடப் பார்த்ததில்லை. மாட்டுத் தொழுவம் என்றால் பச்சையாக, ஈரமாக, பூமி வாசனையோடு இருக்க வேண்டும் என்பது இவர்கள் கணக்கு. பெத்லகேமில் மழை குறைவு என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பாலனுக்குக் குளிராதா என்று என்னையே கேட்டார்கள்.

சொய்லா பாசி எடுக்கக் கத்தி வைக்கமாட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஓரத்தில் செருகி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டே மேலே போவாள். கிழியாமல் வரும். அவள் நிலத்தின் எல்லையில், ஓடைமேல் சாய்ந்து நின்ற ஒரு மரத்தில் பாசி மெத்தை மாதிரி இருந்தது. அங்கே போய்க் கையை நுழைத்தாள்.

சுருட்டும்போது அதற்குள் குட்டி குட்டி இலைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு செம்மஞ்சள் புள்ளி. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பூச்சி என்று நினைத்து வாயால் ஊதினாள், பறக்கவில்லை. பூதான். இவ்வளவு சின்னதாகவும் ஒரு பூ இருக்குமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் துண்டை மட்டும் மற்றதோடு சேர்க்காமல், சாக்கின் மேல் வாயில் தனியாக வைத்தாள். பாலன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அதை வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

[அவள் நினைத்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: பாதி அவள் சொன்னது, பாதி நோர்மா சொன்னது, மீதி நானாகத் துணிந்தது. கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். அந்த அதிகப்படியைத்தான் கதை என்கிறோம்.]

4

இப்போது சொய்லாவுக்குத் தெரியாததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வறட்டு விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குள் செம்பு இருக்கிறது. ஒரு கம்பெனி அதைத் தோண்ட வந்திருக்கிறது. ஓடை, மேய்ச்சல், சொய்லாவின் நிலம், எங்கள் மீன் தொட்டிகளுக்கு வரும் தண்ணீர் எல்லாம் அந்த மலையிலிருந்துதான். எலியாஸும் அவன் வயதுக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். மற்ற வாதங்கள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போய்க் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் இந்த மலையில் இருக்கிறது, மலை போனால் அதுவும் போய்விடும் என்பதே அந்த வாதம். தலைநகர் கீட்டோவிலிருந்து வந்த தாவர ஆராய்ச்சிக்காரர் ஒருவர் எலியாஸோடு காடெல்லாம் அலைந்து அப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஒரே மரத்தில், ஒரே பக்கத்தில்.

நீதிமன்றத்தில் காட்டிய படத்தை எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றது கம்பெனி. சரி, நானே வந்து மரத்தில் பார்க்கிறேன் என்றார் நீதிபதி. புத்தாண்டு கழிந்த வாரத்தில், ஜனவரி ஆறில் வரும் மூவரசர் திருநாளுக்கு முன்னால், ஒரு நாள் குறித்தார்கள்.

அதுவரை மரம் எது என்பது எலியாஸுக்கும் ஆராய்ச்சிக்காரருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று எலியாஸ் முடிவெடுத்தான். காரணம் இருந்தது. ஊரில் பாதிப் பேர் கம்பெனி பக்கம். பக்கத்து வீட்டு ஓல்கர் அவர்களிடம் டிரைவர். கோவிலுக்குப் புதுத் தகரக் கூரை போட்டுக் கொடுத்ததே கம்பெனிதான். அந்தக் கூரை வந்த நாளிலிருந்து எலியாஸ் கோவிலுக்குள் கால் வைக்கவில்லை. அவன் அம்மாவோ வாரா வாரம் அதன் கீழேதான் ஓல்கர் மனைவியோடு சேர்ந்து செபமாலை சொன்னாள். யாராவது ஒருவர் வாய் தவறினால் போதும், அந்த மரத்துக்கு அரிவாள் போய்விடும் என்று பயந்தான். அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஆனால் ஊரில் ஆதரவு வேண்டுமே. பூவின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரொட்டி அடித்து, பஸ் நிற்கிற இடத்தில் ஒட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு செம்மஞ்சள் பூ, நடுவில் கொம்பும் மீசையும். சொய்லா பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது அவளும் மரங்களை அண்ணாந்து தேடியிருக்கிறாள், மகனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று. தட்டு அளவுப் பூ எதுவும் தென்படவில்லை.

(இந்த இடத்தில் எலியாஸைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் முதல் பிரதியில் அவனைக் கோபித்துக்கொண்டுதான் எழுதினேன். கதை முழுக்கத் திட்டு மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன்.)

5

நவநாளில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் கோவிலில் எல்லோருக்கும் பலகாரம் கொடுப்பது வழக்கம். சொய்லாவின் நாள் வந்தது. வெல்லப்பாகு ஊற்றிய பணியாரமும் ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சூடான சாக்லேட்டும். பாத்திரத்தைத் தூக்க அவள் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. மகனைக் கேட்டாள். வாசல் வரைக்கும்தான் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்தான்.

வாசலில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு கத்தினார்கள், அதைப் பாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். கை சுட்டது, வேறு வழியில்லாமல் எலியாஸ் உள்ளே நுழைந்தான். கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஓல்கர், "என்ன எலியாஸு, தைரியமா வா. கூரை ஒழுகாது," என்று சொல்லி அவன் காது கேட்கச் சிரித்தான். எலியாஸ் திரும்பவில்லை. நேரே போய்க் குடிலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் பாத்திரத்தை இறக்கினான். நிமிர்ந்தான். குடிலைப் பார்த்தான். அப்படியே முழந்தாள்போட்டான்.

பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவன் முழந்தாள்போட்டு யாரும் பார்த்ததில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி பாசியில் படுகிற அளவுக்குக் குனிந்தான். தோள் குலுங்கியது. சொய்லா அதைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் சொன்ன செபமாலையெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அழுதாள். மறைக்கவில்லை, வாயைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. நோர்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். பல பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான்கூடக் கொஞ்சம் இளகினேன், பையன் ரொம்பத்தான் குனிகிறானே என்று தோன்றியபோதிலும்.

அவன் எழுந்து வந்தபோது சொய்லா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள். அவன் அவள் கண்களைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பாத்திரம் சூடா இருக்கும்மா, பாத்து," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

6

அவன் நேரே ஓடைக்குத்தான் ஓடினான். மரம் அந்தப் பக்கம் முழுக்க உரித்த மாதிரி இருந்தது.

ஆராய்ச்சிக்காரருக்குப் போன் செய்தான். பாசியோடு எடுத்திருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, மெழுகுவர்த்திச் சூட்டில் காய்வதற்குள் மரத்தில் திரும்பக் கட்டிவிடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார் அவர். ஆனால் மூவரசர் திருநாளில் பாலனைத் தூக்கி எல்லோரும் முத்தமிட்டு முடிக்கும்வரை குடிலில் யாரும் கைவைக்கக் கூடாது. கலைக்கிற உரிமையும் அந்த வருஷம் குடில் வைத்தவர்களுக்குத்தான். கோவில் சாவியும் சொய்லாவின் இடுப்பில்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் கழியும்வரை அவன் வாய் திறக்கவில்லை. அம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க அவனுக்கு மனம் வரவில்லை என்று நோர்மா சொல்கிறாள். நான் நம்புகிறேன். பிறகு ஒரு காலையில் மாட்டுக் கொட்டிலுக்குப் போய், பால் கறந்துகொண்டிருந்தவளிடம் சாவி கேட்டான்.

"சாமி கும்பிடவா?" சொய்லாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "உனக்குன்னா நாள் முழுக்கத் தொறந்தே வைக்கிறேன்டா."

அவன் தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். மரம், பூ, நீதிபதி, சுவரொட்டி. அவள் கறப்பதை நிறுத்தவில்லை. மடி வற்றியபிறகும் கை இழுத்துக்கொண்டே இருந்தது.

"அன்னிக்கு முழந்தாள் போட்டியே?"

"செடியத்தாம்மா பாத்தேன்."

அவள் பால் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"யாருகிட்டயும் சொல்லலம்மா."

"நான் யாரோவா? வித்துருவேன்னு நெனச்சியா, ஒளறிருவேன்னு நெனச்சியா? ரெண்டுல எது?"

அவள் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். ஆனால் அவன் கையில் கொடுக்கவில்லை, தானே எழுந்து நடந்தாள்.

7

பட்டப்பகலில், மூவரசர் திருநாளுக்கு முன்னால், சொய்லா குடிலில் கை வைத்தாள். பெருக்க வந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவள் விளக்கம் சொல்லவில்லை. பாலனுக்குப் பக்கத்திலிருந்த பாசியைச் சுருட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைக் கொட்டினாள். இனி என்ன கெட்டது நடந்தாலும் அவள் கையால்தான் வந்தது என்று ஊர் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வாரமே ஓல்கரின் கன்று செத்தது. ஊர் அதைத்தான் சொன்னது.

தூண்டில் நரம்பால் கட்டலாம் என்றான் எலியாஸ். கண்ணுக்குத் தெரியாது. சொய்லா கேட்கவில்லை. வருஷா வருஷம் பாலனுக்கு அவள்தான் சட்டை தைத்துப் பூவேலை செய்வாள். அதில் மிச்சம் இருந்த பச்சை நூலைக் கொண்டுவந்து, "அவர்கிட்டேருந்து எடுத்தத அவர் நூலாலதான் கட்டுவேன்," என்றாள். நூல் பாசிக்குள் புதைந்து மறைந்தது. தெள்ளுப்பூவின் இலைகள் பாதி மஞ்சளாகியிருந்தன. கட்டி முடித்ததும் எலியாஸ் தெளிப்பானால் தண்ணீர் அடித்தான். இருவரும் இறங்கி வந்தார்கள்.

நீதிபதி குறித்த நாளில் வந்தார். ரப்பர் பூட்ஸ், குடை, பின்னால் ஒரு எழுத்தர், கம்பெனி வக்கீல், ஆராய்ச்சிக்காரர், வேடிக்கை பார்க்க என்னைப் போல நாலு பேர். தூறிக்கொண்டிருந்தது. மிஞ்சிய இலைகளில் ஒன்றின் மேல் ஒரு பூ நின்றது. நீதிபதி லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு சின்னது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுத்தர் எழுதினார். அவ்வளவுதான், முடிந்தது. வக்கீல் அதற்குள் பாதைப் பக்கம் திரும்பிவிட்டார். எலியாஸ் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டது எனக்கே கேட்டது.

அப்போதுதான் நீதிபதி, ஒரு மரியாதைக்கு, ஓரமாக நின்ற சொய்லாவிடம் பேச்சுக் கொடுத்தார். "உங்க நிலமாம்மா? இது இங்கேயே இருந்ததுதானே?"

தலையை ஆட்டினால் போதும்.

சொய்லா மகனைப் பார்த்தாள். அவன் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கதாங்க இருந்துச்சு. நான் தெரியாமப் பிடுங்கிட்டேன், குடிலுக்கு. நானேதான் திரும்பக் கொண்டாந்து கட்டினேன்," என்று சொல்லி, பாசியை விரலால் விலக்கி நூலைக் காட்டினாள்.

வக்கீல் திரும்பி வந்தார். நூலைப் பல கோணங்களில் படம் எடுத்தார். நூலால் கட்டிய செடி எங்கே முளைத்தது என்று யார் சொல்ல முடியும் என்று ஆரம்பித்தார். ஆராய்ச்சிக்காரர் உரத்த குரலில் ஏதேதோ விளக்கினார். நீதிபதி குடைக்குள் நின்று இருவரையும் கேட்டுக்கொண்டார். எலியாஸ் கத்தவில்லை, அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்னால் இறங்கிப் போய்விட்டான். அந்த வாரமே கடற்கரைப் பக்கம் இறால் பண்ணை வேலைக்குப் புறப்பட்டான். நோர்மாவுக்குப் போன் செய்வான். அம்மாவிடம் போனைக் கொடுக்கட்டுமா என்று இவள் கேட்டால், வேலை இருக்கிறது சித்தி என்பான்.

8

இங்கேதான் எனக்குப் பேனா நின்றது.

சொய்லா ஏன் சொன்னாள்? அவளை நான் நன்றாக அறிவேன் என்று நினைத்திருந்தேன். முதலில் இப்படி எழுதினேன்: "பாலனின் நூலைத் தொட்ட கையால் அவளால் பொய்க்குத் தலையாட்ட" — பாதியில் விட்டேன். பிறகு இப்படி: "நான் உளறிவிடுவேன் என்றுதானே நினைத்தாய், இதோ உளறுகிறேன் என்று அவளுக்குள் ஒரு" — இதையும் விட்டேன். முதலாவதில் அவள் கோவில் சிலையாகிவிடுகிறாள், இரண்டாவதில் பழிகாரியாகிவிடுகிறாள். மகனைப் பார்த்தாளே, அவன் ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று மூன்றாவதாக ஒன்றும் தோன்றியது. அதை எழுதவே பயமாக இருக்கிறது.

முடிவுகளும் சில செய்து பார்த்தேன்.

முடிவு ஒன்று. நவநாளின்போது கோவில் ஜன்னல் வழியாக ஓர் ஆண்கொசு வருகிறது. குடிலில் இருந்த பூவில் ஏமாறுகிறது. காய் பிடிக்கிறது. தூசி மாதிரி விதைகள் கம்பெனி போட்ட கூரையின் இடுக்கு வழியாகப் பறந்து மலையெல்லாம் முளைக்கின்றன. இதற்குப் பரிசு கிடைக்கும். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. சொய்லா வருஷா வருஷம் பாசி உரித்த இடத்தில்தான் அந்தச் செடி முளைக்கவே இடம் கிடைத்தது, அவள் கை படாத மரங்களில் அது இல்லவே இல்லை என்று ஆராய்ச்சிக்காரர் கண்டுபிடிக்கிறார். எல்லோரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். அழகாக இருக்கிறது. அவள் அந்த மரத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை என்பது ஒன்றுதான் தடை.

முடிவு மூன்று. சொய்லா தலையாட்டுகிறாள். மலை பிழைக்கிறது. இறங்கும் வழியில் எலியாஸ் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். இதை ஓர் அடித்தல்கூட இல்லாமல் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் கடையில் சொய்லா தனியாக நின்று மெழுகுவர்த்தி வாங்குவதைப் பார்த்தேன். அவளிடம் பேச்சுக்கொடுக்க யாரும் நிற்கவில்லை. இத்தனை நாள் வழக்கில் நின்ற எலியாஸின் கூட்டாளிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அடுப்பில் போட்டேன்.

[தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஒத்திவைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கம்பெனி இதற்குள் சாலையை அகலப்படுத்தத் தொடங்கிவிட்டது. இதை எழுதும்போது கல் உடைக்கிற சத்தம் கேட்கிறது. மரத்தில் செடி உயிரோடு இருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. போனில் எலியாஸ் கேட்கிறான், "சித்தப்பா, ஓடைப் பக்கம் போனீங்களா?" மழைடா என்கிறேன். போய்ப் பார்த்தால் ஒரு முடிவு எழுதியாக வேண்டும், எனக்கு அந்தத் தெம்பு இல்லை.]

9

எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டாமல் வெளியே விடக் கூடாது என்று நோர்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சொய்லா போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். மறுபடி டிசம்பர் நெருங்குகிறது, பாலனுக்குப் புதுச் சட்டை மடியில் இருந்தது. இந்த வருஷம் குடில் வேறு வீட்டார் முறை, சட்டையை மட்டும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தமிழில் இருந்ததை ஸ்பானிஷாக்கி ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை. ஓல்கர் பேச்சு வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். நோர்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள்.

முடிந்ததும் நான் காத்திருந்தேன். அவள் ஏன் சொன்னாள் என்பதற்கு இப்போதாவது ஒரு பதில் வரும் என்று எனக்கு ஆசை. எழுத்துக்காரன் புத்தி.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஜட்ஜய்யா கிட்ட நான் சொன்னது அப்படியே இருக்கட்டும். ஊர் பேசினதும் இருக்கட்டும். ஒரு எடத்த மட்டும் மாத்திரு."

"எந்த எடம் மதினி?"

"கோவில்ல. அவன் செடியப் பாத்தான்னு போடாத. சாமி கும்பிட்டான்னு போடு."

"அவனே சொன்னானே, மதினி. கொட்டில்ல வச்சு உங்ககிட்டயே."

"சொன்னான்," என்றாள் சொய்லா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீ போடு."

ஒரு மலைக்காக நீதிபதியின் முன்னால் தலையை அசைக்க முடியாதவள், என்னிடம் ஒரே ஒரு பொய் கேட்கிறாள். பொய் என் தொழில்தான். இதைவிடப் பெரிதாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன், அதற்கு யாரும் நூலைத் தேடிப் பார்த்ததில்லை. ஒரு வரியை அடித்து இன்னொரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? உட்கார்ந்தேன். 'சாமி' என்று எழுதினால் இறால் தொட்டிக் கரையில் நிற்கிற பையனின் முகம் வருகிறது. 'செடி' என்று எழுதினால் பால் வற்றிய மடியை இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கை வருகிறது. இரண்டையும் பார்க்க என்னால் முடியவில்லை. மனசு விட்டுச் சொல்கிறேன், இந்தக் கதையில் எனக்குப் பெரிய துக்கம் மலை இல்லை, பூவும் இல்லை. அன்று கோவிலில் அவள் பட்ட சந்தோஷம்தான்.

ஆகவே முந்தைய பக்கங்களில் நான் சொன்னதை எல்லாம் மறந்துவிட உங்களுக்கு அனுமதி உண்டு. அந்த வரியைக் கீழே மறுபடி எழுதி, பாதியில் விட்டிருக்கிறேன். மீதியை நீங்கள் எழுதுங்கள். சொய்லாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்லேட் பாத்திரத்தைப் பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு, எலியாஸ் குடிலுக்கு முன்னால் முழந்தாள்போட்டான். அவன் கண்கள்